மீனும் தயிரும் இல்லாத மட்டக்களப்பு அடுப்படி: வீகன் வாழ்வைத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் கொடியேறிவிட்டால், அமிர்தகழியைச் சுற்றியுள்ள எத்தனையோ வீடுகளில் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியும் வரை அந்த அடுப்பில் மச்சம் ஏறாது. அம்பாறைப் பக்கம் திருக்கோவிலிலும் அப்படித்தான். உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் நாட்கணக்கில் மரக்கறிச் சோற்றோடு காட்டைக் கடக்கிறார்கள். கந்தசஷ்டிக்கு 6 நாள், கௌரிக் காப்புக்கு 21 நாள், வெள்ளிக்கிழமைகள் தனிக்கணக்கு.

ஆகவே மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு வீகன் வாழ்வைத் தொடங்க நினைப்பவர் வெளிநாட்டுச் சமையற்குறிப்புகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. விரத நாளின் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பால், தயிர், நெய் மூன்றையும் விலக்குங்கள். பாதிக்கு மேல் வேலை முடிந்தது. மிச்சம்தான் கடினம் என்பதால் அதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

புதியவர்களுக்காக முதலில் வரையறையைச் சொல்லிவிடுகிறேன். இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் என்று விலங்கிடமிருந்து வரும் எதையும் உண்ணாதிருப்பதும், தோல், பட்டு போன்றவற்றையும் இயன்ற அளவு தவிர்ப்பதும் வீகன் வாழ்வு. தமிழில் இதை நனிசைவம் என்றும் எழுதுகிறார்கள். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்கள் சிலரும் சேர்ந்து இதற்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி உலக வீகன் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மரக்கறி மட்டும் சாப்பிட்டால் போதாதா, பாலில் என்ன கொலை இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கன்று ஈன்றால்தான் பசு பால் சுரக்கும். பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி நாம்பன். நாம்பன் பால் தராது. உழவுக்கு இயந்திரம் வந்த பிறகு வயலிலும் அதற்கு வேலை இல்லை. அது எங்கே போகிறது என்று பட்டிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், மறைக்காமல் சொல்வார். கறவை வற்றிய பசுவுக்கும் முடிவு அதுவே. முட்டைக் கோழி வளர்ப்பிலும் இதே கதைதான். முட்டையிடாத சேவற்குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுவது உலகின் பெரும்பாலான நாடுகளில் பெரிய குஞ்சு பொரிப்பகங்களின் வழக்கம். இறைச்சிக்கு வளர்க்கும் புரொய்லர் கோழி உலகில் இருப்பது ஆறு வாரம்தான். எனக்கு இந்த வாழ்வின் காரணம் இதுதான். உடல்நலம், சூழல், செலவு என்று வேறு காரணங்களால் வருகிறவர்களும் உண்டு. எந்த வாசலால் வந்தாலும் சமையல் ஒன்றுதான்.

எதை முதலில் விடுவது

பலரும் மாட்டிறைச்சியிலிருந்து தொடங்குகிறார்கள். நம் பகுதித் தமிழ் வீடுகள் பலவற்றில் அது ஏற்கனவே இல்லை. என் ஆலோசனை வேறு. ஒரு மாட்டின் இறைச்சி ஒரு தெருவுக்கே காணும். ஒரு கோழி ஒரு வீட்டுக்கு ஒருநேரக் கறி. ஒரு பிடி நெத்தலியில் எத்தனை உயிர் என்று எண்ணிப் பார்க்கவே கை கூசும். அதனால் கோழி, முட்டை, நெத்தலி, கூனி எனும் சின்ன இறால் ஆகியவற்றை முதலில் நிறுத்துங்கள். பிறகு மற்ற இறைச்சி, பிறகு பெரிய மீனும் இறாலும் நண்டும், கடைசியாகப் பால். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டால் வீட்டாருக்கும் பழகும், உங்கள் வயிற்றுக்கும் பழகும். பருப்பு வகை திடீரென்று கூடினால் வயிறு ஊதும், வாயு சேரும். அதைப் பார்த்து ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். கடலை, பயறு போன்றவற்றை இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் சீரகமும் உள்ளியும் போட்டு அவித்தால் இந்தத் தொல்லை குறையும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிலைத்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்களால் முடியுமானால் அப்படியே செய்யுங்கள்.

ஒளிந்திருக்கும் மாசியும் கூனியும்

நம் சமையலில் மச்சம் கறிச்சட்டியில் மட்டும் இருப்பதில்லை. தேங்காய்ச் சம்பலில் மாசி எனும் காய்ந்த மீனை இடித்துப் போடுகிறோம். சீனிச் சம்பலில் மாசி இல்லாவிட்டால் அது சம்பலே இல்லை என்பார்கள். முருங்கையிலைச் சுண்டலுக்கும் பலாக்கொட்டைக்கும் கூனி. பருப்பில்கூடச் சில வீடுகளில் ஒரு துண்டு கருவாடு கிடக்கும். கடையில் போத்தலில் விற்கும் சம்பல், சட்னி, அச்சாறு வகைகளின் உள்ளடக்கத்தை ஒருமுறை நின்று வாசியுங்கள். நம் நாட்டில் பெரும்பாலான பொருட்களில் தமிழிலும் எழுதியிருக்கும். பால்மா, மோர்த்தூள், கேசின் (பாற்புரதம்), ஜெலட்டின் (விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது), முட்டைத்தூள் ஆகிய ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடலாம். இந்தியாவிலிருந்து வரும் பக்கற்றுகளில் உள்ள பச்சைப் புள்ளியை நம்பி ஏமாறாதீர்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம். பாலும் நெய்யும் அதற்குள் அடங்கும்.

மாசி இல்லாத சம்பலுக்குச் சுவை வராது என்பது உண்மையல்ல. நான் செய்யும் விதம் இது. ஐந்து செத்தல் மிளகாயைத் தணலில் காட்டி, தோல் ஆங்காங்கே கறுத்து உப்பும்போது எடுங்கள். அதை உப்புக்கல்லோடு அம்மியில் வைத்து நசுக்குங்கள். அது பொடியானதும் பத்துச் சின்ன வெங்காயம், ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை. வெங்காயம் பாதி நசிந்து சாறு விடும் பதத்தில் நிறுத்தி, துருவிய அரைத் தேங்காயைச் சேர்த்து, குழவியால் நான்கைந்து தடவை இழுங்கள். தேங்காய்ப்பூ சிவந்து எண்ணெய் கசியத் தொடங்கும். அம்மியிலிருந்து வழித்தெடுத்த பிறகுதான் தேசிக்காய்ப் புளி. மாசி கொடுத்த அந்தப் புகைவாசனையைச் சுட்ட மிளகாய் கொடுக்கும். அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் இது வராது. உரலோ அம்மியோ வேண்டும்.

மீன்கறிக்கும் இதையே சொல்வேன். நாக்கு தேடுவதில் பெரும்பகுதி புளியும் வெந்தயமும் உள்ளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஆணம்தான். அதே கூட்டில் முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய் போட்டுச் சமையுங்கள். ஒருநாள் வைத்துச் சுடவைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். இறைச்சி மென்று பழகியவர்களுக்குப் பலாப்பிஞ்சு. கொட்டை முற்றாத பிஞ்சை வெட்டி, வறுத்த கறித்தூள், கறுவா, ஏலம், கராம்பு போட்டு, மெல்லிய நெருப்பில் நெடுநேரம் வேகவிடுங்கள். நார் பிரிந்து வரும். ஈரப்பலாக்காய், சிப்பிக் காளான், பொரித்துக் குழம்பு வைத்த கத்தரிக்காய் எல்லாம் அந்த இடத்தை நிரப்பக்கூடியவை.

சோறு மட்டும் கூடினால் தோற்றீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கவிழ்கிறார்கள். தட்டிலிருந்து மீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொள்கிறார்கள். மூன்று வாரத்தில் களைப்பு வரும், பசி அடங்காது, நீரிழிவு உள்ளவருக்குச் சீனி ஏறும். பிறகு பழி முழுவதும் மரக்கறியின் மேல் விழும். ஒவ்வொரு வேளையும் பருப்பு அல்லது அவரை வகை ஒன்று தட்டில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் நாளாந்தம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். காலையில் 50 கிராம் கௌபியோ பயறோ கடலையோ அவித்துத் தேங்காய்ப்பூவோடு சாப்பிட்டால் ஏறத்தாழ 11 கிராம் வந்துவிடும். மதியம் 150 கிராம் அரிசியை வடித்த சோற்றில் 10 கிராம், 50 கிராம் மைசூர்ப் பருப்பில் 12 கிராம், 25 கிராம் சோயா மீற்றில் 12 கிராம். மாலையில் ஒரு கை கச்சான் (நிலக்கடலை), 30 கிராம் என்று வைத்தால் 7 கிராம். கூட்டிப் பாருங்கள், 50ஐத் தாண்டுகிறது. இரவுக்கு இன்னும் பிட்டும் சொதியும் மிச்சம் இருக்கின்றன. இவற்றில் எதுவும் ஊர்ச் சந்தையில் கிடைக்காத பொருளல்ல. சோயா மீற் வாங்கும்போது சுவையூட்டாத வெறும் சோயாவை வாங்குங்கள். சுவையூட்டிய பக்கற்றுகள் சிலவற்றில் கோழி, இறால் சாரமோ பாற்பொருளோ கலந்திருக்கும்.

நம் ஊர்க் கீரைகளைப் பற்றித் தனியாக எழுதினால் ஒரு புத்தகமாகும். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, குறிஞ்சா, முசுட்டை எனச் சந்தையில் கட்டுக்கட்டாக வைத்திருக்கும் அம்மாமாரிடம் ஒவ்வொரு முறையும் தெரியாத ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எப்படிச் சுண்டுவது என்பதையும் அவர்களே சொல்லித் தருவார்கள்.

பால்த் தேநீரும் தயிர்ச்சட்டியும்

இப்போது உண்மையான சோதனைக்கு வருகிறோம். கோழியை ஒரு வாரத்தில் மறந்தவர்கள் தேநீரில் மாட்டிக்கொள்கிறார்கள். 2022 நெருக்கடியில் பால்மா தட்டுப்பட்டபோது வீடெங்கும் வெறும் தேநீர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நம் நாக்கு பழகாதது எதுவும் இல்லை. இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேநீர், கொத்தமல்லி அவித்த நீர், பனங்கட்டியோடு நன்னாரி ஆகியவற்றில் ஒன்றில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

பால் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்குத் தேங்காய்ப்பால் தேநீர். திரிந்துபோகிறது என்று எல்லோரும் முறையிடுகிறார்கள். கொதிக்கும் சாயத்தில் ஊற்றினால் திரியத்தான் செய்யும். சாயத்தைக் கடுமையாக, இஞ்சியும் ஏலமும் போட்டுக் காய்ச்சி இறக்குங்கள். ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் அதிகம் விடாமல் பிழிந்த முதற்பாலைக் கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம், கலக்கிக்கொண்டே சேர்த்து, சீனி போட்டு ஒருமுறை ஆற்றுங்கள். மீண்டும் அடுப்பில் வைக்காதீர்கள். தேங்காய் விலை ஏறியிருக்கும் காலத்தில் சோயாப் பால் மலிவு. சோயா அவரையை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து வடித்து, பச்சை மணம் போகும் வரை காய்ச்ச வேண்டும்.

தயிர் பெரிய காரியம். மட்டக்களப்பு என்றாலே எருமைத் தயிர் என்று நாடே பேசுகிறது. மண்சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிரை விட்டுவிடச் சொல்வது நம் ஊரில் ஒருவரின் பெருமையிலேயே கைவைப்பது போன்றது. அதை நான் உணர்ந்தே எழுதுகிறேன். அதற்கு நிகரான ஒன்றைத் தாவரத்தில் செய்துவிடலாம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சோற்றோடு பிசையவும், மோர் கரைக்கவும், மோர்க்குழம்பு வைக்கவும் கச்சான் தயிர் நன்றாகவே உதவுகிறது.

ஒரு சுண்டு பச்சைக் கச்சானை இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் தோலை உரித்து, புதிய தண்ணீரில் மையாக அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வடியுங்கள். மூன்று சுண்டுத் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. அடிப்பிடிக்கக்கூடியது என்பதால் மெல்லிய நெருப்பில் துழாவிக்கொண்டே காய்ச்சுங்கள். அகப்பையின் முதுகில் ஒட்டும் அளவுக்குத் தடித்து, பச்சை வாசனை போனதும் இறக்குங்கள். விரலை விட்டால் இளஞ்சூடாக இருக்கும்போது, கழுவிக் காயவைத்த தயிர்ச்சட்டியில் ஊற்றுங்கள். உறைக்கு மோர் வேண்டாம். ஐந்தாறு பச்சைக் கொச்சிக்காயின் காம்பை மேல்மூடியோடு கிள்ளி அதற்குள் அமிழ்த்துங்கள். காம்பில் இயற்கையாகவே இருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் இரவு வைத்துவிடுங்கள்.

முதற்சட்டி பெரும்பாலும் தளதளவென்று, இலேசான கசப்போடு இருக்கும். மனம் தளர வேண்டாம். காம்பை எடுத்துவிட்டு, அதில் ஒரு கரண்டியை அடுத்த சட்டிக்கு உறையாகப் போடுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் இறுக்கமாக, நல்ல புளிப்போடு வரும். மண்சட்டி நீரை உறிஞ்சுவதால் இன்னும் கட்டியாகும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். நிறமோ மணமோ மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள். கச்சான் ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம். முந்திரிப் பருப்பிலோ சோயாப் பாலிலோ செய்து பார்க்கலாம், அவையும் ஒத்துக்கொள்ளுமா என்று தெரிந்துகொண்டு. கித்துள் பாணி தாவரத்திலிருந்து வருவது, அதைத் தாராளமாக விட்டுச் சாப்பிடலாம்.

இனிப்புகளில் நமக்குப் பெரிய இழப்பு இல்லை. தொதல், கொழுக்கட்டை, மோதகம், எள்ளுருண்டை, பனங்காய்ப் பணியாரம், தேங்காய்ப்பால் விட்ட பாற்சோறு எல்லாம் நெய் சேர்க்காமல் செய்தால் அப்படியே வீகன் உணவு. வட்டிலப்பம் முட்டையில் நிற்பது, அதை விட்டுவிடுங்கள்.

பி12: இதில் விளையாட வேண்டாம்

தாவர உணவில் நம்பத்தக்க அளவு வைட்டமின் பி12 இல்லை. கீரையிலும் இல்லை, கச்சான் தயிரிலும் இல்லை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்று இருப்பார்கள். பிறகு கை கால் விறைப்பு, களைப்பு, மறதி, இரத்தச்சோகை. நரம்பு பாதிக்கப்பட்டால் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம். இரண்டில் ஒன்றை முதல் வாரத்திலிருந்தே தொடங்குங்கள். ஏற்கனவே வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், குறிப்பாக நீரிழிவுக்கு மெற்போமின் குடிப்பவர்கள், வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்தே பி12ஐக் குறைக்கக்கூடியது. மாத்திரையாக வாங்குவது நல்லது. உறைக்குளிசைகளின் கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. மருந்துக்கு மாற்று இல்லாத இடத்தில் அதையும் யோசிக்காமல் விழுங்குங்கள். உயிர்காக்கும் மருந்தை மறுப்பது இந்த வாழ்வின் பகுதியே அல்ல.

மற்றவை எளிது. இரும்புச்சத்துக்குக் கீரையும் பருப்பும் இருக்கின்றன; தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கல்சியத்துக்குக் குரக்கனும் எள்ளும் முருங்கையிலையும். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. மீனை விட்டவர்கள் அயடீன் கலந்த உப்பையே பயன்படுத்த வேண்டும். ஒமேகா 3 கொழுப்புக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடி.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் தம் விருப்பத்துக்குத் தொடங்கக் கூடாது. குடும்பநல மாதுவிடமும் வைத்தியரிடமும் பேசி, எடையையும் இரத்தத்தையும் பார்த்துக்கொண்டுதான் மாற வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவில் பால்மா உண்டு. எடை குறைந்த பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தடுக்காதீர்கள். பிள்ளையின் உடல் நம் கொள்கைக்கான பரிசோதனைக்களம் அல்ல.

வெளியே சாப்பிடும்போது

இடியப்பம், பிட்டு, தோசை, வெள்ளை ஆப்பம், உழுந்து வடை என்று நம் கடைகளில் பாதி உணவு ஏற்கனவே தாவர உணவு. கேட்க வேண்டியது சம்பலில் மாசி இருக்கிறதா, பருப்பில் கருவாடு விழுந்திருக்கிறதா என்பதுதான். பரோட்டா மாவில் முட்டையோ மாஜரினோ பாலோ சேர்க்கும் கடைகள் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவக்கடைகளில் மச்சம் இருக்காது, ஆனால் நெய்யும் தயிரும் தாராளமாக இருக்கும்.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுக் கடைகளில் கேட்கத் தயங்கத் தேவையில்லை. “நானா, மரக்கறிக் கொத்து ஒன்று. முட்டையும் வேண்டாம், இறைச்சி ஆணமும் விட வேண்டாம்” என்று தெளிவாகச் சொன்னால் தட்டைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் போட்டுத் தருகிறார்கள். அதே தட்டில் செய்வது உங்களுக்கு ஒவ்வாது என்றால் தேங்காய் ரொட்டியும் மாசி போடாத சம்பலும் கேளுங்கள். நோன்புக் கஞ்சி வீடு தேடி வரும்போது பெரும்பாலும் அதில் இறைச்சி இருக்கும். அன்போடு வந்த கோப்பையை வாசலில் நின்று மறுக்காமல் வாங்கி, சாப்பிடும் ஒருவருக்குக் கொடுங்கள். அடுத்த நாள் உங்கள் வீட்டிலிருந்து மரக்கறிக் கஞ்சி போகட்டும்.

கலியாண வீட்டுக்குப் போகும்போது பசியோடு போகாதீர்கள். இதைவிடச் சொல்ல எதுவும் இல்லை.

கோயில், கூத்து, உடுப்பு

வீட்டுப் பூசையில் பாலுக்குப் பதில் இளநீரும் பன்னீரும் வைக்கலாம். பொங்கலுக்குத் தேங்காய்ப்பால். கோயில் பிரசாதத்தில் நெய்யும் தயிரும் இருக்குமானால் இரு கையாலும் வாங்கி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஐயரோடு வாதிட வேண்டாம். அதுபோலவே வடமோடிக் கூத்தின் மத்தளத்தில் தோல் இருக்கிறதென்று களரியடியில் நின்று சண்டை பிடிக்கிறவர்கள் ஓர் உயிரையும் காப்பாற்றப் போவதில்லை. நம் கையில் இருக்கும் தட்டையும் பையையும் செருப்பையும் முதலில் பார்ப்போம்.

பட்டுப்புடவைக்குப் பதில் மருதமுனைக் கைத்தறி இருக்கிறதே! பருத்தியில் அவர்கள் நெய்யும் சேலையும் சாரமும் நம் வெயிலுக்கு ஏற்றவை, பக்கத்து ஊர் நெசவாளர் வீட்டில் அடுப்பும் எரியும். இருக்கும் பட்டையும் தோல்செருப்பையும் எறிய வேண்டாம். தேயும் வரை பயன்படுத்திவிட்டு, அடுத்ததை மாற்றி வாங்குங்கள்.

மற்றவர்களை அழைத்து வருவது

இதை எழுதும்போது எனக்கு மிகவும் கவனம் வேண்டியிருக்கிறது. நாம் வாழ்வது மீனவரும் பட்டிக்காரரும் நிறைந்த மண்ணில். நாவலடியிலும் கல்லாற்றிலும் 2004 ஆழிப்பேரலையில் வள்ளம், வலை, வீடு, பிள்ளை என எல்லாவற்றையும் இழந்து மீண்டும் அதே கடலுக்குப் போனவர்கள் நம் அயலவர். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023இல் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து போராடினார்கள். அவர்களின் மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் கிடந்த செய்திகளை நாம் வாசித்தோம். அந்த மாடுகளுக்காக அழுத மனிதரிடம் போய் ‘நீங்கள் செய்வது பாவத்தொழில்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது, உங்களுக்கும் வரக் கூடாது. மாட்டின் மேல் அவருக்கு இருக்கும் அன்பு பொய்யல்ல. பேச்சு அந்த அன்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொழிலை மாற்ற முடியாதவரிடம் போய் நிற்பதைவிட, தட்டை மாற்றக்கூடியவரிடம் பேசுவதே பயன் தரும்.

சாப்பாட்டு வேளையில் வாதம் வேண்டாம். ஒருவர் மீனைப் பிசைந்து வாயில் வைக்கும் நேரத்தில் மீனின் வலியைப் பற்றிப் பேசினால் அவர் மீனை வெறுக்க மாட்டார், உங்களைத்தான் வெறுப்பார். காணொளிகளைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். கேட்கிறவருக்கு மட்டும், கேட்ட அளவுக்கு, உண்மையைச் சொல்லுங்கள். தாயோ மாமியோ “ஒரு துண்டு மீன்தானே மகள், ஆணத்தை மட்டுமாவது விட்டுக்கொள்” என்று சொல்லும்போது அது அக்கறை. “பருப்பை இன்னும் கொஞ்சம் போடுங்கள் மாமி” என்று தட்டை நீட்டினால் அவருடைய கை நிறையும், உங்கள் தட்டும் நிறையும். முடிந்தால் உங்கள் கறியை நீங்களே சமைத்து மேசையில் பொதுவாக வையுங்கள். உங்களுக்கென்று தனிச் சிறு கிண்ணத்தில் ஒதுக்கினால் யாரும் தொட மாட்டார்கள். பெரிய சட்டியில் வைத்தால் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் வேறு யாரையும் விட இளம்பிள்ளைகள்தான் விரைவில் வருகிறார்கள் என்பது நான் கண்டது. ஆனால் அவர்களைப் பெற்றோருக்கு எதிராகத் தூண்டிவிடாதீர்கள்.

நண்பர்களை வீட்டுக்கு அழையுங்கள். சாப்பிடும் முன் ‘இது வீகன் உணவு’ என்று அறிவிக்க வேண்டாம், யாராவது கேட்டால் மறைக்கவும் வேண்டாம். சிவப்பரிசிச் சோறு, பலாப்பிஞ்சுக் கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், அம்மியில் அரைத்த சம்பல், அப்பளம், கடைசியில் கச்சான் மோர். இந்த உணவுக்குப் பிறகு செய்முறை கேட்காமல் எழுந்து போனவர்கள் குறைவு.

முயன்று பார்க்க விரும்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் வாழ்நாள் சபதம் எதுவும் கேட்காதீர்கள். ஒரு வாரம் போதும். அதையும் வெள்ளிக்கிழமை தொடங்கச் சொல்லுங்கள். அன்று வீட்டில் எப்படியும் மரக்கறிதான். பாலை மட்டும் நிறுத்தினால் முதல் நாள் கடந்துவிடும். சனிக்கிழமை சந்தைக்கு நீங்களும் கூடப் போங்கள். கடலை, பயறு, கௌபி, கச்சான், சோயா, ஒரு கட்டுக் கீரை என்று அந்த வாரத்துக்கானதைச் சேர்த்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் ஆபத்தானது, இறைச்சியும் இறாலும் சமைக்கும் நாள். அன்று மதியம் அவர்களை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவிடுங்கள். திங்கள் முதல் வேலைக்குக் கொண்டுபோகும் சோற்றுப் பார்சலுக்குப் பருப்பும் சோயாப் பிரட்டலும் போதும். புதன்கிழமை அளவில் தயிரோ மீனோ நினைவுக்கு வரும்; அன்று மாலை தொலைபேசியில் பேசுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் முதல் உணவாக அவித்த கடலையும் தேங்காய்ப்பூவும் தட்டில் இருக்க வேண்டுமென்றால், வியாழன் இரவு படுக்கப் போகும் முன் கடலையை ஊறப்போட வேண்டும் என்பதையும் நினைவூட்டிவிடுங்கள்.